இரண்டாம் கணு வரை

சட்டையை மேசைமேல் வைத்திருக்கிறேன், பத்து நிமிஷத்தில் மாற்றிக்கொண்டு வந்துவிடுங்கள் என்று கதவிடுக்கில் தலையை நீட்டிச் சொல்லிவிட்டுக் கிரிதரன் போய்விட்டார். முதலாளி சொன்னால் சொன்னதுதான். மஞ்சள் சட்டை, முதுகில் ஐந்தாம் நம்பர், நம்பருக்கு மேலே தனசீலன் என்று இங்கிலீஷில் கொட்டை எழுத்து, மார்பில் கம்பெனியின் பெயர் அதைவிடக் கொட்டை எழுத்து. நாற்பத்திரண்டு வயதில், ஆவடிக்கு அப்பால் ஒரு பள்ளிக்கூடத்தின் விளையாட்டுச் சாமான் அறையில், பிய்ந்த வாலிபால் வலைக்கும் ஹாக்கி மட்டைக் கட்டுக்கும் நடுவில் அரைக்கால் சட்டையோடு பெஞ்சில் உட்கார்ந்து பூட்ஸ் நாடாவைக் கோத்துக்கொண்டிருக்கிற ஜெனரல் மேனேஜர் இந்தச் சென்னைப் பட்டணத்தில் தன்னைத் தவிர இன்னொருத்தன் இருப்பானா என்று தனசீலனுக்குச் சந்தேகமாக இருந்தது. ஜெனரல் மேனேஜர், பிசினஸ் டெவலப்மென்ட். விசிட்டிங் கார்டில் அப்படித்தான் போட்டிருக்கிறது. கழற்றி ஆணியில் மாட்டியிருக்கும் வெள்ளைச் சட்டையின் பையில் அந்தக் கார்டு குறைந்தது இருபது இருக்கும். இருந்து என்ன, ஒன்பதரை மணிக்கு அவன் செய்யவேண்டியது கார்டு நீட்டுகிற வேலை இல்லை. கம்பெனி புதிதாகப் போட்ட செயற்கைப் புல் மைதானத்தில், ஷாமியானாவுக்குக் கீழே உட்கார்ந்திருக்கும் பெரிய மனிதர்களுக்கு முன்னால், நடுக்கோட்டிலிருந்து ஓடிவந்து, ஒரு காலை நீட்டிப் படுத்து, பத்தடி தூரம் சறுக்கி, எழுந்து, பல்லைக் காட்ட வேண்டும். கை தட்டுவார்கள். பிறகு ஆட்டக்காரர் உத்தரவாதம் என்று தலைப்புப் போட்ட காகிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும். மாநிலக் கால்பந்து அணியின் முன்னாள் தடுப்பாட்டக்காரர் தனசீலன் ஆகிய நான் இந்தத் தரையில் சறுக்கிப் பார்த்தேன், நன்றாக இருக்கிறது. பதினான்கு மைதானங்களில் சறுக்கிவிட்டான், பதினான்கு காகிதத்திலும் போட்டுவிட்டான், எல்லாம் மனசாரப் போட்டது. பதினைந்தாவது இது. இது நன்றாக இல்லை. அதைத் தெரிந்துகொண்டே சறுக்கிச் சிரிக்க வேண்டுமா என்பதுதான் காலை ஏழு மணியிலிருந்து அவன் நெஞ்சில் வந்து நின்றுகொண்டு நகர மாட்டேன் என்றது.

ஏழு மணிக்கு வந்ததும் விரலை வைத்தான். எந்த மைதானத்துக்குப் போனாலும் முதலில் அதைத்தான் செய்வான். செருப்பைக் கழற்றிவிட்டுக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஆள்காட்டி விரலைப் புல்லுக்குள் விட்டு அடித்துணி தட்டுகிறவரைக்கும் அழுத்துவான். பிளாஸ்டிக் புல்லுக்கு நடுவே கொட்டியிருக்கும் கறுப்பு ரப்பர் குருணை விரலின் இரண்டாம் கணு வரை ஏறி நிற்க வேண்டும். நின்றால், விழுந்தவன் தட்டிக்கொண்டு எழுந்துவிடுவான். நிற்காவிட்டால் விழுந்தவனின் தோல் அங்கேயே தங்கிவிடும். இதை அவனுக்கு எந்த இஞ்சினியரும் சொல்லித்தரவில்லை. அரிசியைக் கழுவிப் பானையில் போட்டுத் தண்ணீர் ஊற்றி அம்மா விரலை விட்டுப் பார்ப்பாளே, அந்தக் கணு. வீட்டில் குக்கர் வந்த பிறகும் எஸ்தர் அப்படித்தான் பார்க்கிறாள், கல்யாணமான இத்தனை வருஷத்தில் ஒருநாள்கூட சோறு குழைந்ததில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவன் விரலை வைத்தபோது விழுந்து விழுந்து சிரித்த கிரிதரன்தான் பிறகு அதையே போட்டோ பிடித்து விளம்பரத் தாளின் அட்டையில் போட்டார். இன்றைக்குக் காலையில் நகம் முழுகுவதற்குள் அடித்துணி தட்டிவிட்டது. சரி, ஓரம், இங்கே கொஞ்சம் குறைந்திருக்கும் என்று நடுவுக்குப் போனான். நகம். கோல் வாசலுக்கு முன்னால், பிள்ளைகள் அதிகம் விழுகிற இடத்தில் வைத்தான். நகம். அதுவும் ரப்பர் இல்லை, மணல், விரலிடுக்கில் நறநறவென்றது. வெயில் ஏறினால் புதுப் புல்லில் சைக்கிள் கடை ரப்பர் வாடை வரும், அதை வைத்தே கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். இங்கே குனிந்து மோந்தும் வாடை இல்லை. இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால் குருணை குறையக் குறையப் புல் நீளமாகத் தெரியும், நெருக்கமாக, தளதளவென்று, நேற்று மழை பெய்த மாதிரி. பள்ளிக்கூடத்தின் தாளாளர் வத்சலா மேடம் எட்டு மணிக்கு வந்து பார்த்துவிட்டு, "எவ்ளோ பச்சையா இருக்கு சீலன், அன்னிக்கு நீங்க சாம்பிள் காட்டினதவிட நல்லா இருக்கே" என்றார். அவர் அதைச் சொன்னபோது கிரிதரன் இவன் முகத்தைப் பார்க்காமல் தூரத்துக் கோல் கம்பத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

வலது பூட்ஸ். வலதைத்தான் முதலில் கட்டுவான், நாடாவை உள்ளங்காலுக்குக் கீழே ஒரு சுற்றுச் சுற்றிக் கணுக்காலில் முடிச்சுப் போடுவது பழைய பழக்கம், இந்தக் காலத்துப் பிள்ளைகள் பார்த்தால் என்ன சார் பொட்டலமா கட்றீங்க என்பார்கள். மேடம் வந்து போனதும், கார் நிறுத்துகிற இடத்தில் வைத்துக் கிரிதரனிடம் சொல்லத்தான் சொன்னான். "சார், குருணை பாதிகூட போடல. மணலக் கொட்டி வெச்சிருக்காங்க." "செட்டில் ஆகும் சீலன்." "இருந்தாத்தான சார் செட்டில் ஆகும்?" "அடுத்த மாசம் மெயின்டனன்ஸ்ல ரெண்டு லோடு இறக்கிடலாம், விடுங்க." "இன்னிக்கே ஸ்கூல் பொண்ணுங்க ஆடப் போறாங்க சார்." அப்போதுதான் கிரிதரன் தோளில் கையைப் போட்டார், அந்தக் கை இன்னும் அங்கேயே இருக்கிறாற்போல் இருக்கிறது, தட்டிவிட்டாலும் போகாது. "நீங்க ப்ளேயர், சீலன். எல்லாத்தையும் ப்ளேயர் கண்ணாலதான் பாக்கறீங்க. பிசினஸ் வேற. அத நான் பாத்துக்கறேன்." பிசினஸ் வேறயாம். யாரிடம் வந்து யார் சொல்கிற பேச்சு. நகராட்சி ஆபீஸ் வராந்தாவில் டெண்டர் பெட்டிக்குப் பக்கத்தில் பகல் முழுக்கக் குந்தியிருந்தது யார், கிரிதரனா? முப்பத்து மூன்று வயதில், காலேஜ் பிள்ளைகள் நடுவில் உட்கார்ந்து, ஒவ்வொரு எழுத்தாகத் தடவித் தடவி எக்ஸல் கற்றுக்கொண்டது யார்? பள்ளிக்கூடத்துக்காரர்களை முழுப்பரீட்சைக்கு முன்னால் பிடித்தால்தான் லீவில் வேலை முடியும், ஜூனில் போய் நின்றால் வாட்ச்மேன்கூட மதிக்க மாட்டான் என்று கண்டுபிடித்தது யார்? மீட்டிங்கில் வாயடிக்கிறவரைப் பார்க்காதீர்கள் சார், மூலையில் பேசாமல் உட்கார்ந்திருக்கிற அம்மாதான் முடிவெடுக்கிறவர் என்று வத்சலா மேடத்தைச் சுட்டிக் காட்டியதே இவன்தான். அதைப் பந்து ஆடித்தான் கற்றான், பந்து எங்கே இருக்கிறது என்று ஊரே பார்க்கும்போது பந்து இல்லாத இடத்தில் எவன் சும்மா நிற்கிறான் என்று பார்ப்பதுதான் அவன் ஆடிய இடத்தின் வேலை. அப்படியிருக்க, பேரம் படிந்த மறு நிமிஷம் இவன் ப்ளேயர் ஆகிவிடுகிறான். நம்ம ப்ளேயர், ரெண்டு தட்டு தட்டிக் காட்டுங்க சீலன் என்பார் கிரிதரன், கஸ்டமர் ஆபீஸ் கார்ப்பெட்டில் டை கட்டிக்கொண்டு பந்தைத் தட்ட வேண்டும், அவர்கள் செல்போனில் பிடித்துக்கொள்வார்கள். வியாசர்பாடியில் இவனோடு ஆடினவர்களோ இவனை ஆபீசர் என்கிறார்கள். ஆபீசில் ஆட்டக்காரன், மைதானத்தில் ஆபீசர். நாடாவை இழுத்த இழுப்பில் முனையிலிருந்த பிளாஸ்டிக் கழன்று கையோடு வந்துவிட்டது.

அந்த மேடம் அன்றைக்குச் சாம்பிள் தட்டில் விரலை வைத்தார். ஐந்து மாசம் முன்னால், அவர் அறையில், ஃபைல்களை ஒதுக்கிவிட்டு மேசைமேல் புல் தட்டை வைத்து இவன்தான், நீங்களே விட்டுப் பாருங்க மேடம் என்றான். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு விட்டார், இரண்டாம் கணு வரை இறங்கியது. "சாதத்துக்குத் தண்ணி வெக்கறாப்லன்னு சொல்லுங்க" என்று சிரித்தார். கூட இருந்தவர்கள் யாருக்கும் தோன்றாதது அவருக்குத் தோன்றியது. அந்த இடத்தில்தான் ஆர்டர் முடிந்தது, அதற்கப்புறம் கிரிதரன் பேசிய ஒரு மணி நேரப் பேச்சும் வெறும் பேச்சு. எந்த விரலைக் காட்டி வாங்கினானோ அந்த விரலுக்கே பொய் சொல்லிவிட்டான். அவன் சொல்லவில்லை, கிரிதரன் சொன்னது. ஆனால் காகிதத்தில் கிரிதரன் பெயரா இருக்கிறது? தனசீலன் ஆகிய நான். நான், நான், நான். அப்பன் வைத்த பெயர், பந்தால் சம்பாதித்த பெயர், அதைக் கொண்டுபோய்க் காகிதத்தில் ஒட்டி விற்கிறான் ஒருத்தன். கோபத்தில் காது சூடேறியது. காது சூடேறினால் அவனுக்கு ஸ்டேடியம் ஞாபகம் வந்துவிடும், பதினேழு வருஷமாக அப்படித்தான், எங்கே ஆரம்பித்தாலும் அங்கே கொண்டுபோய் நிறுத்திவிடும்.

லீக் இறுதி ஆட்டம். அவன் அப்போது ஒரு அரசாங்க ஆபீஸ் அணியில் தற்காலிகம். கோப்பை வாங்கிக் கொடுத்தால் மூன்று பேருக்கு நிரந்தரம், மூன்றில் ஒரு பெயர் இவனுடையது, ஆர்டரே டைப் அடித்தாயிற்று என்று ஆபீஸ் பியூன் வந்து சொல்லி டீ வாங்கிக் குடித்துவிட்டுப் போனார். ஒன்றுக்கு ஒன்று சமம், முடிய ஆறே நிமிஷம். கோல் கீப்பர் லாரன்ஸுக்கு நேர் முன்னால் இவன். எதிரணிக்காரன் இவனைத் தாண்டிக் கோல் பக்கமாக இரண்டடி முன்னால் நின்றுகொண்டிருக்கிறான், அவனுக்குப் பந்தைப் போடுகிறார்கள், கடைசித் தடுப்பாட்டக்காரனைத் தாண்டி நிற்கிறவனுக்குப் போடக் கூடாது. ஆஃப் சைடு. சந்தேகமே இல்லாத ஆஃப் சைடு, இன்றைக்குச் சத்தியம் பண்ணச் சொன்னாலும் பண்ணுவான். கையைத் தூக்கினான். வலது கையை நெட்டுக்குத்தாகத் தூக்கிக்கொண்டு கோட்டோரம் கொடி பிடித்து நிற்கிறவரைத் திரும்பிப் பார்த்தான். கொடி கீழேயே இருந்தது. நடுவரைப் பார்த்தான். விசில் வாயில் இருந்தது, சத்தம் வரவில்லை. இதற்குள் அந்தப் பயல் பந்தோடு கோலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தான். ஓடியிருந்தால் பிடித்திருக்கலாம், நாலே எட்டு, அந்த வயதில் இவன் காலுக்கு நாலு எட்டு ஒன்றுமே இல்லை. ஓடவில்லை. கையைத் தூக்கியபடியே நின்றான். அநியாயத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். லாரன்ஸ் ஒற்றையாளாகப் பாய்ந்து, பந்து அவன் இடுப்புக்குக் கீழே போய் வலையில் விழுந்து, ஸ்டேடியம் முழுக்கக் கத்துகிறது, இவன் கை இன்னும் மேலே. திரும்பி வரும்போது வேனில் லாரன்ஸ் பின் சீட்டிலிருந்து, "கைய தூக்கினியே, கால தூக்கினியாடா?" என்றான். ஆஃப் சைடுதான்டா மச்சான் என்றான் இவன். "ஆமாண்டா, ஆஃப் சைடுதான். இன்னா இப்ப? நட்டுக்க நின்னியே, இன்னா கெடச்சிச்சி?" ஒன்றும் கிடைக்கவில்லை. அந்த ஆர்டர் என்ன ஆயிற்றென்று பியூனும் வந்து சொல்லவில்லை. லாரன்ஸ் இப்போது பெரம்பூரில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான், பார்த்தால் சிரிப்பான், ஏற்றிக்கொள்வான், அந்தப் பேச்சை மட்டும் எடுக்க மாட்டான்.

இடது பூட்ஸ். இடது நாடா ஏற்கெனவே நைந்து போயிருந்தது. பத்து நாளைக்கு முன்னால் இங்கே லாரி வந்தபோது குருணை மூட்டை பாதிதான் இறங்கியது, அதை அவன் பார்த்தான். பார்த்துவிட்டு என்ன செய்தான்? மெயில் போட்டான். மதிப்பிற்குரிய ஐயா, மூட்டை குறைவாக வந்துள்ளது, தயவுசெய்து கவனிக்கவும். நல்ல இங்கிலீஷில், ஒரு பிழை இல்லாமல், இரண்டு தரம் படித்துத் திருத்திப் போட்டான். பதில் வரவில்லை. நான்காம் நாள் ஞாபகப்படுத்தி இன்னொன்று போட்டான். அதற்கும் வரவில்லை. தினம் காலையில் போனைத் திறந்து பதில் வந்திருக்கிறதா என்று பார்த்தான், வரவில்லை என்று தெரிந்ததும் மனசுக்குள் கிரிதரனைத் திட்டினான், திட்டிவிட்டுக் குளிக்கப் போனான். இங்கே ஆட்கள் மணலைக் கொட்டிச் சமப்படுத்திக்கொண்டிருந்தார்கள். நாடாவைப் பிடித்த கை அப்படியே நின்றது. கையைத்தானே தூக்கியிருக்கிறான். மறுபடியும் கையைத்தான் தூக்கியிருக்கிறான், பத்து நாளாக, நான் சொன்னேன், நான் எழுதினேன், என்மேல் தப்பில்லை என்று. விசில் அடிக்க வேண்டியவன் யார் இதில், கிரிதரனா? ஆஃப் சைடில் நிற்கிறவனிடமே விசிலைக் கொடுத்துவிட்டு அடிப்பான் என்று காத்திருந்திருக்கிறான். காத்திருந்ததற்குக் காரணம் இல்லாமலும் இல்லை, அதையும் ஒத்துக்கொள்ள வேண்டியதுதான். இந்த மைதானம் முடியட்டும், உங்களை டைரக்டராப் போட்டுடலாம் சீலன் என்றிருந்தார் கிரிதரன். டைரக்டர். எஸ்தரிடம் சொன்னான், அவள் அன்றைக்குச் சாயங்காலமே தெருக்கோடி வரை சொல்லிவிட்டாள். "டைரக்டருன்னா சினிமாலயாக்கா?" என்று யாரோ கேட்டதற்கு, "கம்பெனிடி, கம்பெனிக்கே டைரக்டரு" என்று இவள் அதட்டியதை மாடிப்படியில் நின்று கேட்டான், சந்தோஷமாகத்தான் இருந்தது. இன்றைக்குக் கிளம்பும்போது அவளே சட்டையை இஸ்திரி போட்டுக் கொடுத்தாள். அந்தச் சட்டைதான் ஆணியில் தொங்குகிறது.

பந்துப் பையை எடுக்க விளையாட்டு டீச்சர் வந்தார். ஒல்லியான பெண், கழுத்தில் விசில், முகத்தில் கல்யாண வீட்டுக் களை. "சாரி சார், பால் மட்டும் எடுத்துக்கறேன். பொண்ணுங்க நேத்தியிலேர்ந்து ஒரே நச்சரிப்பு சார், ஸ்லைடு பண்ணலாமா ஸ்லைடு பண்ணலாமான்னு. இத்தன வருஷம் மண்ணுல நான் ஒருத்தியையும் வுட்டதில்ல. இன்னிக்கு சார் பண்ணுவாரு, பாத்துட்டு அப்படியே பண்ணுங்கடின்னு சொல்லிட்டேன்." அவன் வாயைத் திறந்தான். வாயில் வந்தது, "சரி டீச்சர், பாத்துக்கலாம்." அவர் பையைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார், கதவு ஆடிக்கொண்டிருந்தது. பாத்துக்கலாம். எதைப் பார்த்துக்கொள்வது? செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. சின்ன வயதில் அவன் ஆடியது குப்பை மேட்டை ஒட்டிய கல் தரை, ஜல்லியும் பாட்டில் சில்லும், மழை பெய்தால் முட்டியளவு சேறு. அந்தத் தரையில் ஒருத்தனும் சறுக்க மாட்டான், சறுக்கினால் என்ன ஆகும் என்று தரையே மூஞ்சிக்கு நேராகச் சொல்லிவிடும். அது முரட்டுத் தரை, ஆனால் பொய் சொல்லாத தரை. இது அப்படி இல்லையே. இது வா வா என்று கூப்பிடுகிறது, பச்சையைக் காட்டிப் பல்லைக் காட்டிக் கூப்பிடுகிறது, பதின்மூன்று வயதுப் பெண் நம்பி வந்து காலை நீட்டினால் முட்டியிலிருந்து தொடைவரை உரித்து எடுத்துவிடும். அதற்கு முன்னால் நின்று பாரும்மா இப்படித்தான் என்று செய்து காட்டுகிறவன் இவன். வெளியே மைக்கைத் தட்டிப் பார்க்கிறார்கள். ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங். ஒரு பெண் ஓடிவந்து மைக்கில் ஏதோ கத்திவிட்டு ஓட, கூட்டமாகச் சிரிக்கிற சத்தம் கேட்டது.

சட்டையை எடுத்தான். கீழே இன்னொன்று இருந்தது. மடித்து, பிளாஸ்டிக் உறை கூடப் பிரிக்காமல், கறுப்பாக, காலோடு ஒட்டிக்கொள்கிற முழு நீள ஸ்கின்ஸ். பதினான்கு மைதானத்திலும் அரைக்கால் சட்டையோடுதான் சறுக்கினான், வெறுங்கால் தெரிந்தால்தான் நம்புவார்கள் என்று ஆரம்பத்தில் சொன்னதே கிரிதரன்தான். உறைமேல் அவர் கையெழுத்தில் ஒரு துண்டுச் சீட்டு ஒட்டியிருந்தது, இதை உள்ளே போட்டுக்கொள்ளவும். அவன் சீட்டைப் படித்தான். இன்னொரு தரம் படித்தான். செட்டில் ஆகும் சீலன். அப்படியென்றால் தெரியும். குருணை இல்லை என்று தெரியும், சறுக்கினால் தோல் போகும் என்று தெரியும், யார் தோல் போகும் என்பதுவரை யோசித்து, கடைக்குப் போய், சைஸ் பார்த்து, வாங்கி, சட்டைக்கடியில் வைத்திருக்கிறான் மனுஷன். இவன் தோலுக்கு மட்டும் ஒரு உறை. வெளியே நிற்கிற இருபது பெண்களுக்கு? மறந்துவிட்டார், ஏமாந்துவிட்டார், லாரிக்காரன் தூக்கிக்கொண்டு போய்விட்டான், என்றெல்லாம் பத்து நாளாக அவருக்காக இவனே மனசுக்குள் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தானே, அவ்வளவுக்கும் பதில் இந்த உறைக்குள் இருந்தது. அவனுக்கு வந்த கோபத்தில் முதலில் அழுகை வரும்போல் இருந்தது. சீட்டைக் கசக்கினான், பிறகு நீவி, ஆணியில் தொங்கிய சட்டைப் பையில், விசிட்டிங் கார்டுகளோடு வைத்தான். ஸ்கின்ஸை உறையோடு மேசைமேல் திரும்ப வைத்தான். மஞ்சள் சட்டையை மாட்டிக்கொண்டான், வயிற்றில் கொஞ்சம் பிடித்தது. போகாமல் காரில் ஏறி வீட்டுக்குப் போய்விடலாம், அதுவும் தோன்றாமல் இல்லை. போனால் கிரிதரன் என்ன சொல்வார் என்பதும் தெரியும், நம்ம ப்ளேயருக்கு உடம்பு சரியில்லை, நீங்க ஆடுங்கம்மா. அதுவும் கையைத் தூக்குகிற காரியம்தான். மைக்கில் போய்ப் பேசலாம். பேசினால் கிரிதரனும் பேசுவார், பேச்சில் அவரை ஜெயித்தவன் பிறக்கவில்லை. நாடா முடிச்சை ஒருமுறை இழுத்துப் பார்த்துக்கொண்டு எழுந்தான்.

வெளியே வெயில் கண்ணைக் குத்தியது. ஷாமியானாவில் முன் வரிசையில் வத்சலா மேடம், பக்கத்தில் நாலைந்து பெரியவர்கள், ஓரத்தில் நீலச் சட்டையில் பெண்கள் வரிசையாக. "இதோ வந்துட்டார் நம்ம ப்ளேயர்" என்று மைக்கில் ஆரம்பித்த கிரிதரன் ஸ்கின்ஸ் போடாத இவனுடைய காலைப் பார்த்ததும் ஒரு நொடி நின்று, பிறகு தொடர்ந்தார். நடுக்கோட்டுக்குப் போகிற வழியெல்லாம் பூட்ஸுக்கடியில் மணல் நறநறத்தது. உடம்பு இந்தக் கட்டத்தில் அவன் பேச்சைக் கேட்காது, கோட்டில் போய் நின்றதும் அதுவாகவே முன்னங்காலுக்கு எடையை மாற்றிக்கொண்டது. ஓடினான். நாலு எட்டு, அந்த நாலு எட்டு, பதினேழு வருஷம் கழித்து, ஐந்தாவதில் வலது காலை நீட்டி இடதை மடித்துப் படுத்தான். தரை பிடித்தது. பத்தடி போகவேண்டிய உடம்பு நாலடியில் நின்றுவிட்டது, இடது முட்டியிலிருந்து தொடையின் பக்கவாட்டு வரை சூடான தோசைக்கல்லில் வைத்த மாதிரி ஒரு எரிச்சல், அப்புறம் ஒன்றுமே இல்லை, அப்புறம் மறுபடியும் எரிச்சல். கை தட்டினார்கள். கிரிதரன் மைக்கில், "பாத்தீங்களா, இந்த வயசுலயும்" என்றார். அவன் எழுந்தான். சிரிக்கவில்லை. காலைத் துடைக்கவும் இல்லை. நேராக ஷாமியானாவைப் பார்த்து நடந்தான், அவன் கிட்டே வர வர முன் வரிசையில் கைதட்டல் குறைந்து, பின் வரிசையிலும் நின்றது. தொடையில் ஒரு சாண் அகலத்துக்குத் தோல் இல்லை, ரத்தம் மணலோடு கலந்து முட்டிவரை வழிந்திருந்தது. விளையாட்டு டீச்சர் ஓடிவந்து, "அய்யோ சார்" என்று அவன் காலைப் பார்த்தார், உடனே திரும்பி, "யாரும் உள்ள எறங்கக் கூடாது, அங்கியே நில்லுங்க" என்று பெண்களைப் பார்த்துக் கையை விரித்துக்கொண்டு நின்றார். "சின்ன சிராய்ப்புதான், ப்ளேயருக்கு இதெல்லாம் சகஜம்" என்றார் கிரிதரன். சொல்லிவிட்டு மைக்கை வாயிலிருந்து எடுத்து, "உள்ள போங்க சீலன்" என்று பல்லைக் கடித்தார். தனசீலன் அவரைத் தாண்டிப் போய் மேடத்துக்கு முன்னால் நின்றான்.

"மேடம், கொஞ்சம் எழுந்து வர முடியுமா?" "அன்னிக்கு உங்க டேபிள்ல வெரல வெச்சுப் பாத்தீங்களே. இங்கயும் ஒருக்கா வெச்சுப் பாருங்க." அவர் அவன் காலைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். செருப்பை நாற்காலிக்கடியில் கழற்றி விட்டுவிட்டு, புடவையை ஒரு கையால் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, மெதுவாக மைதானத்தின் விளிம்பில் உட்கார்ந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். விரலைப் புல்லுக்குள் விட்டார். அது நகத்தோடு நின்றது. இன்னும் அழுத்திப் பார்த்தார், நின்ற இடத்திலேயே நின்றது. "அன்னிக்குக் கணு வரைக்கும் போச்சே" என்றார், யாரிடமும் இல்லாமல். "போகணும் மேடம். நான் இதுக்குக் கையெழுத்துப் போட மாட்டேன்." அவ்வளவுதான் சொன்னான். டைரக்டர் பதவி போயிற்று, அநேகமாக வேலையும் போயிற்று, எஸ்தர் தெருக்கோடி வரை போய்ச் சொன்னதை இனி யார் போய்த் திருப்பி வாங்குவது என்று ஒரு பக்கம் ஓடியது, ஓடட்டும் என்று விட்டுவிட்டான். "மேடம், ஒன் மினிட், நான் எக்ஸ்ப்ளைன் பண்றேன்" என்று கிரிதரன் மைக்கை நாற்காலியில் போட்டுவிட்டு வலது கையை நெட்டுக்குத்தாகத் தூக்கினார். அந்தக் கையைத் தனசீலனுக்கு நன்றாகத் தெரியும். தூக்கிய கை தூக்கியபடியே இருந்தது. வத்சலா மேடம் நிமிர்ந்து பார்க்கவில்லை, விரலை எடுத்து மணலை உதறிவிட்டு, உட்கார்ந்தபடியே இரண்டடி நகர்ந்து, இன்னொரு இடத்தில் வைத்தார்.